வானவன் மாதேவி: மலையமான் குலமகளும் அவர் வழிவந்த சோழ மன்னர்களும்

சுந்தர சோழனின் அரசியும் முதலாம் இராஜராஜனின் தாயுமான வானவன் மாதேவி, பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் குலத்தில் பிறந்தவர். 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோழர் குடிக்கு மருமகளாக வந்தார். அவருடைய மகன் தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பினான். பேரன் கங்கை வரை படை அனுப்பினான். கொள்ளுப்பேரர்கள் மூவர் ஒருவர் பின் ஒருவராகச் சோழ முடி சூடினர். 1070இல் அந்த ஆண்வழி அறுந்தபோது வேங்கியிலிருந்து வந்து அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன், தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் அவருக்கு எள்ளுப்பேரன். இத்தனை மன்னர்களுக்கு மூதாட்டியான இவரைப் பற்றிக் கிடைக்கும் நேரடிச் சான்றுகள் மிகக் குறைவு. பிறந்த ஊரில் ஒரு கல்வெட்டு, பேரன் வெளியிட்ட ஒரு செப்பேடு, மகள் எடுப்பித்த ஒரு படிமத்தைப் பற்றிய குறிப்பு ஆகியவையே முதன்மையானவை.

மலையமான்கள் சங்க காலம் தொட்டே பெயர் பெற்ற குடியினர். அவர்கள் ஆண்ட பகுதி மலையமான் நாடு எனப்பட்டு, பேச்சு வழக்கில் மருவி மலாடு, மிலாடு என்று ஆயிற்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான மலையமான் திருமுடிக்காரி கபிலரால் பாடப்பெற்றவன். சேரனுக்காகக் கொல்லிமலை ஓரியைப் போரில் கொன்றவனும் அவனே. இக்குடிக்குச் சோழரோடு இருந்த உறவு எப்போதும் ஒரே நிலையில் இருக்கவில்லை. மலையமானின் சிறுவர்களைக் கிள்ளிவளவன் யானைக்காலில் இடுவிக்க முற்பட்டதையும், கோவூர் கிழார் குறுக்கிட்டு அவர்களைக் காத்ததையும் புறநானூறு காட்டுகிறது. பின்னாளில் சோழர்க்குத் துணைநின்ற மலையமான்களும் இருந்தனர். பக்தி இலக்கியக் காலத்தில் இந்த மரபு மெய்ப்பொருள் நாயனாரால் சைவ உலகெங்கும் அறியப்பட்டது. திருநீற்று வேடத்தில் வந்து தன்னைக் குத்திய பகைவனுக்கும் தீங்கு நேராமல் காத்த அந்த நாயனார், திருக்கோவலூரிலிருந்து ஆண்ட சேதி நாட்டு மன்னர் என்று பெரியபுராணம் கூறுகிறது. இடைக்கால மலையமான்கள் தம் கல்வெட்டுகளில் மிலாடுடையார், சேதிராயர் என்ற பட்டங்களைத் தாங்கினர்.

இப்படிப்பட்ட குறுநிலக் குடிகளோடு மணவுறவு கொள்வதைச் சோழர்கள் தொடக்கத்திலிருந்தே அரசு நடத்தும் வழிகளுள் ஒன்றாகக் கையாண்டனர். முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் குடியில் பெண் எடுத்தான். அவன் மகன் அரிஞ்சயனின் தேவியருள் ஒருவரான பூதி ஆதித்த பிடாரி கொடும்பாளூர் வேளிர் குடிப் பெண். திருச்செந்துறைக் கற்றளியை எடுப்பித்தவர் அவரே. மற்றொரு மகன் கண்டராதித்தனின் தேவி செம்பியன் மாதேவி மழவர் குடியைச் சேர்ந்தவர். சுந்தர சோழனின் தாய் கல்யாணி வைதும்பர் குலத்தவர் என்று அன்பில் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. பெண் கொடுத்த குடி போர்க்காலத்தில் படையோடு வந்தது. அமைதிக் காலத்தில் எல்லையைக் காத்தது. பெண் எடுத்த அரசகுடியோ அந்த நாட்டின் கோயில்களுக்கும் ஊர்ச்சபைகளுக்கும் கொடை வழங்கித் தன் பெயரை அங்கே நிலைநிறுத்திக்கொண்டது.

மலையமான் குடியோடு உறவு கொள்ளச் சோழர்க்குத் தனித்த ஒரு தேவையும் இருந்தது. மிலாடு இருக்கும் நடுநாடு, சோழ நாட்டுக்கும் தொண்டை மண்டலத்துக்கும் இடையில் உள்ளது. முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராஜாதித்தன் வடதிசைப் பகையை எதிர்பார்த்துப் பல ஆண்டுகள் படையோடு தங்கியிருந்தது இந்தப் பகுதியை ஒட்டிய திருநாவலூரில்தான். 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே அவன் உயிர் துறந்தான். அதன்பின் தொண்டை மண்டலம் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் கைக்குப் போயிற்று. நடுநாட்டுக் கோயில்களிலும் கன்னரதேவன் என்ற அவன் பெயரில் ஆட்சியாண்டு எழுதப்பட்டது. இழந்த நிலத்தை மீட்க வடக்கே செல்லும் எந்தச் சோழப் படையும் பெண்ணையாற்றைக் கடந்தாக வேண்டும். அந்த ஆற்றங்கரையில் ஒரு சம்பந்தி வீடு இருப்பது சோழர்க்கு எவ்வளவு பெரிய வலிமை என்பதை விளக்க வேண்டியதில்லை. சுந்தர சோழன் ஆண்ட ஏறத்தாழ 957 முதல் 973 வரையான காலத்தில் தொண்டை மண்டலம் படிப்படியாகச் சோழர் வசம் திரும்பியதையும், அவன் காஞ்சிபுரத்தில் பொன்மாளிகையில் தங்கியிருந்ததையும் இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும்.

சுந்தர சோழனுக்கும் வானவன் மாதேவிக்கும் பிறந்த மக்களாக அறியப்படுபவர்கள் மூவர்: இரண்டாம் ஆதித்தன் எனப்படும் ஆதித்த கரிகாலன், குந்தவை, பின்னாளில் முதலாம் இராஜராஜனான அருள்மொழி. இளமையிலேயே போர்க்களம் கண்டு வீரபாண்டியனை வென்ற ஆதித்தன், அந்தப் பாண்டியன் தலைகொண்டவன் என்று கல்வெட்டுகளில் சிறப்பிக்கப்பட்டான். பட்டத்துக்கு உரியவனாக இருந்த அவன் 969ஆம் ஆண்டளவில் சதியால் கொல்லப்பட்டான். கொலையில் தொடர்புடைய சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களையும், அவர்கள் உறவினரின் நிலம் பறிக்கப்பட்டு விற்கப்பட்டதையும் உடையார்குடிக் கல்வெட்டு பதிவு செய்துள்ளது. அந்தக் கல்வெட்டு இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அண்ணன் கொலையுண்டு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே, தம்பி அரியணை ஏறியதும் நடவடிக்கை முழுமை பெற்றது என்று தெரிகிறது.

மூத்த மகனை இழந்த சில ஆண்டுகளில் சுந்தர சோழனும் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தான். கல்வெட்டுகள் அவனைப் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று குறிப்பது இதனால்தான். அரியணை அருள்மொழிக்குப் போகவில்லை. கண்டராதித்தனுக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த உத்தம சோழன் மன்னனானான். முறைப்படி அவன் அருள்மொழிக்குச் சிற்றப்பன். குடிமக்கள் வேண்டியும், சிற்றப்பனுக்கு நாட்டின்மேல் விருப்பம் இருக்கும்வரை தனக்கு அரசு வேண்டாம் என்று அருள்மொழி மறுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்கின்றன.

கணவன் இறந்தபோது வானவன் மாதேவி உடன்கட்டை ஏறினார். இச்செய்தி இரண்டு இடங்களில் பதிவாகியுள்ளது. ஒன்று, முதலாம் இராஜேந்திரன் வெளியிட்ட அதே திருவாலங்காட்டுச் செப்பேடுகள். மற்றொன்று, திருக்கோவலூர்க் கீழூரில் உள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் இராஜராஜனின் 27ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1012ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட கல்வெட்டு. மெய்க்கீர்த்திகளின் வழக்கமான நடையை விட்டு விலகி, ஆசிரியப்பாவில் அமைந்த பாடலாகவே இக்கல்வெட்டு எழுதப்பட்டுள்ளது. இராஜராஜனைப் பெற்றெடுத்தவர் மலையமான் குலத்தவர் என்பதை அது பெருமையோடு சொல்கிறது. பால்குடி மறவாத குழந்தையை விட்டுப் பிரிந்தாலும் கணவனைப் பிரிய மனமில்லாமல் எரியும் தீயினுள் புகுந்தவர் என்று அவரைப் போற்றுகிறது.

பால்குடிக் குழந்தை என்ற இந்தக் குறிப்பு ஆய்வாளர்களைச் சிந்திக்க வைத்த ஒன்று. உத்தம சோழன் முடிசூடிய காலத்தில், குடிமக்களே அரசனாகும்படி வேண்டும் அளவுக்கு அருள்மொழி வளர்ந்திருந்தான். அவனுக்கு மூத்தவரான குந்தவையும் சிறுமியாக இருந்திருக்க முடியாது. தாய்மையின் பிணிப்பைவிடக் கணவன்மேல் கொண்ட பிணிப்பு பெரிது என்று காட்டப் புலவர் கையாண்ட கவிதை மிகையாகவே அதைக் கொள்வது பொருந்தும்.

சோழ அரசியரிடையே தீப்புகுவது வழக்கமாக இருந்தது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. 957ஆம் ஆண்டளவில் கைம்பெண்ணான செம்பியன் மாதேவி 1001 வரை வாழ்ந்து, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றும் பணியில் ஈடுபட்டார். சுந்தர சோழனின் மற்றொரு தேவியான சேரர் மகளும் கணவனுக்குப் பின் பல ஆண்டுகள் உயிரோடிருந்து கொடை அளித்திருக்கிறார். உடன்கட்டை ஏறியோர் பற்றிய பதிவுகள் சோழர் காலத்தில் ஆங்காங்கே சிலவே உள்ளன. அவற்றுள் ஒன்று வானவன் மாதேவியின் குடும்பத்திலேயே அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்து நிகழ்ந்தது. 1044இல் பேரன் முதலாம் இராஜேந்திரன் பிரமதேசத்தில் இறந்தபோது அவன் தேவி வீரமாதேவி தீப்புகுந்தார். அவருடைய உடன்பிறந்தான் சேனாபதி மதுராந்தகன், இறந்தவர்களின் தாகம் தணியும்பொருட்டு அவ்வூரில் தண்ணீர்ப் பந்தல் அமைத்தான் என்று கல்வெட்டு கூறுகிறது.

கீழூர்க் கல்வெட்டு வரலாற்றறிஞர்க்கு இன்னொரு வகையிலும் அரியது. பாரி மகளிரை மலையமானுக்கு மணம் செய்து கொடுத்த பிறகு, பெண்ணையாற்றின் நடுவே உள்ள பாறையில் தீ வளர்த்துக் கபிலர் உயிர் துறந்தார் என்ற செய்தியையும் அது தருகிறது. புறநானூற்று அடிக்குறிப்புகள் பாரி மகளிரைக் கபிலர் பார்ப்பார்க்குக் கொடுத்ததாகச் சொல்லும். ஊர் வழக்கோ மலையமானைச் சொல்கிறது. எது உண்மையாயினும், சங்ககாலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து ஒரு சிற்றரசர் குடி கபிலரையும் பாரியையும் தன் வீட்டுக் கதையாக நினைவில் வைத்திருந்தது என்பது வியப்புக்குரியது. நட்புக்காகத் தீப்புகுந்த புலவரையும் கணவனுக்காகத் தீப்புகுந்த குலமகளையும் ஒரே பாடலில் வைத்தபோது, பேரரசனின் தாயைத் தன் மண்ணின் பழம்பெருமையோடு சேர்த்துக்கொண்டது அந்த ஊர்.

தஞ்சாவூரில் தாயின் நினைவைக் காத்தவர் குந்தவை. வல்லவரையர் வந்தியதேவரின் தேவியான அவர், தம்பி எடுப்பித்த பெரிய கோயிலான இராஜராஜேசுவரத்துக்கு 29ஆம் ஆட்சியாண்டுவரை அளித்த பொன் ஏறத்தாழ 10,000 கழஞ்சு. இராஜராஜன் தன் கொடைகளை அடுத்து அக்கனின் கொடைகளையும் விமானத்துக் கல்லிலே வெட்டுவித்தான். தேவியர் கொடை அதற்குப் பின்னரே இடம்பெற்றது. குந்தவை அக்கோயிலில் எழுந்தருளுவித்த செப்புப் படிமங்களுள் இரண்டு உமாபரமேசுவரியின் திருமேனிகள். மேலும் இரண்டு அவருடைய பெற்றோருடையவை: ஒன்று பொன்மாளிகைத் துஞ்சின தேவரின் படிமம், மற்றொன்று தாயின் படிமம்.

இந்தக் கொடைகள் பதிவான முறை சோழர் கால எழுத்தரின் கைநேர்த்திக்கு நல்ல சான்று. பொன் ஆடவல்லான் என்ற பெயர் கொண்ட எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது. மணிகள் பதித்த நகைகளுக்குத் தக்ஷிணமேருவிடங்கன் என்ற வேறொரு கல். இத்தனை முத்து, இத்தனை வயிரம், நூலும் அரக்கும் உட்பட இத்தனை எடை என்று ஒவ்வொரு நகையும் தனித்தனியே எழுதப்பட்டது. படிமங்களின் பூசைக்கும் விழாவுக்கும் வைத்த முதல், ஊர்ச்சபைகளிடம் காசாகக் கொடுக்கப்பட்டது. ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு முக்குறுணி நெல் வட்டியாக வந்து கோயில் பண்டாரத்தில் அளக்கப்பட வேண்டும் என்பது பெரிய கோயில் முதலீடுகளில் காணும் ஏற்பாடு. ஒரு மகள் தாய்க்குச் செய்யும் சிறப்பு இவ்வாறு ஊர்களின் நெல் கணக்கோடு பிணைக்கப்பட்டு, ஆண்டுதோறும் தவறாமல் நடக்க வழி செய்யப்பட்டது. தந்தையின் பெயரால் தஞ்சையில் சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலை என்ற மருத்துவமனைக்கு நிவந்தம் அளித்தவரும் குந்தவையே.

வானவன் மாதேவி என்பது இவர் ஒருவருக்கே உரிய பெயர் அன்று. சோழ அரசியர் பலர் தாங்கிய பட்டப்பெயர். இராஜராஜனின் தேவியருள் ஒருவரும், இராஜேந்திரனின் தாயுமான திரிபுவன மாதேவிக்கும் இப்பெயர் உண்டு. ஆகவே மாமியாரையும் மருமகளையும் ஒருவராக மயங்குவது நூல்களில் அவ்வப்போது நேர்கிறது. இலங்கையில் பொலனறுவையில் சோழர் கட்டிய கற்றளி வானவன் மாதேவி ஈசுவரம் என்று பெயர் பெற்றது. அது இராஜேந்திரனின் தாய் பெயரால் அமைந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து.

985இல் அருள்மொழி இராஜராஜன் என்ற பெயரோடு முடிசூடினான். மாதேவியின் வழிவந்தோர் ஆட்சி அங்கே தொடங்குகிறது. 1014 வரை அவனும், 1014 முதல் 1044 வரை அவன் மகன் முதலாம் இராஜேந்திரனும் ஆண்டனர். அடுத்து வந்த இராஜேந்திரனின் புதல்வர் மூவரும் மேலைச் சாளுக்கியரோடு ஓயாது போரிட்டவர்கள். முதலாம் இராஜாதிராஜன் 1054இல் கொப்பத்துப் போர்க்களத்தில் யானைமேல் வீழ்ந்தான். இரண்டாம் இராஜேந்திரன் அந்தக் களத்திலேயே முடிசூடிப் போரை வெற்றியாக மாற்றினான். அவனுக்குப் பின் 1063 முதல் 1070 வரை ஆண்டவன் வீரராஜேந்திரன். அவன் மகன் அதிராஜேந்திரன் சில மாதங்களே ஆண்டு, கலகத்தில் இறந்துபட்டான். அவனோடு இராஜராஜனின் நேரான ஆண்வழி முடிந்தது.

ஆனால் பெண்வழி அறுந்துவிடவில்லை. அதன் தொடக்கம் இராஜராஜன் காலத்திலேயே இடப்பட்டது. கீழைச் சாளுக்கியரின் வேங்கி நாட்டில் நேர்ந்த குழப்பத்தால் அரசிழந்து நின்ற சக்திவர்மனுக்கு இராஜராஜன் படை கொடுத்து, 10ஆம் நூற்றாண்டின் முடிவில் அவனை அரியணை ஏற்றினான். சக்திவர்மனின் தம்பி விமலாதித்தனுக்குத் தன் மகளை மணம் செய்து வைத்தான். அத்தையின் பெயரையே தாங்கிய இளைய குந்தவை அவள். மாமனார் நாட்டுக்கு வந்த விமலாதித்தன் திருவையாற்றுக் கோயிலுக்கு வெள்ளிக் கலசங்கள் அளித்ததைக் கல்வெட்டில் காணலாம். இவர்களுக்குப் பிறந்தவன் இராஜராஜ நரேந்திரன். தெலுங்கில் மகாபாரதத்தைத் தொடங்கிய நன்னய்யாவை ஆதரித்தவன் அவனே.

தமிழ்க் குடும்பங்களில் இன்றும் வழங்கும் முறைப்பெண் உரிமை இங்கே பேரரசின் அரசியலாகவே செயல்பட்டது. இராஜராஜ நரேந்திரன் தன் தாய்மாமன் முதலாம் இராஜேந்திரனின் மகள் அம்மங்காதேவியை மணந்தான். அவர்கள் மகன் குலோத்துங்கனும் தன் தாய்மாமன் இரண்டாம் இராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். இவ்வாறு இரண்டு தலைமுறை தொடர்ந்து மாமன் மகளை மணந்ததால், வேங்கி அரண்மனையில் பிறந்த குழந்தைக்குச் சாளுக்கிய இரத்தத்தைவிடச் சோழ இரத்தமே மிகுதியாயிற்று. குலோத்துங்கனின் தாய்வழியில் அம்மங்கா, இராஜேந்திரன், இராஜராஜன் என்றும், தந்தைவழியில் இராஜராஜ நரேந்திரன், இளைய குந்தவை, இராஜராஜன் என்றும் எப்படிப் பின்னோக்கிச் சென்றாலும் நான்காம் படியில் நிற்பவர் மலையமான் குலமகள் வானவன் மாதேவி. மதுராந்தகியும் அவருக்கு எள்ளுப்பேத்தியே. 1070இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் குலோத்துங்கன் ஆட்சியை ஏற்றபோது, சோழர் அல்லாத ஒருவன் நாட்டைப் பிடித்துக்கொண்டான் என்று சொல்ல முடியாமல் போனதற்கு இந்தப் பெண்வழி உரிமைதான் காரணம். அவனைப் புகழ்ந்த செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி, தாய்வழிப் பாட்டியான இராஜேந்திரன் தேவி குழந்தையைக் கண்டு மகிழ்ந்த காட்சிக்கு இடம் ஒதுக்கியதும் அந்த உரிமையை நிலைநாட்டுவதற்கே.

பெண்மக்கள் வழியாக மாதேவியின் கொடிவழி வேறு அரசவைகளுக்கும் பரவியது. வீரராஜேந்திரன் தன் மகளைக் கல்யாணபுரத்துச் சாளுக்கிய இளவரசன் ஆறாம் விக்கிரமாதித்தனுக்குக் கொடுத்துப் பகை தணித்தான். பில்கணர் தம் வடமொழிக் காவியத்தில் இத்திருமணத்தைப் பாடியுள்ளார். கலிங்கத்துக் கீழைக் கங்க மன்னன் தேவேந்திரவர்மன் மணந்த இராஜசுந்தரி ஒரு சோழ இளவரசி. அவர் எந்தச் சோழ மன்னனின் மகள் என்பதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், சொல்லப்படும் பெயர்கள் எல்லாமே வானவன் மாதேவியின் வழியினவே. இராஜசுந்தரியின் மகன் அனந்தவர்மன் 1078இல் முடிசூடினான். தாய்க்குடிப் பெயரையும் தந்தைக்குடிப் பெயரையும் இணைத்துச் சோடகங்கன் என்று வழங்கப்பட்ட அவன்தான் புரி ஜகந்நாதர் பெருங்கோயிலைத் தொடங்கியவன்.

குலோத்துங்கனுக்கும் மதுராந்தகிக்கும் ஆண்மக்கள் எழுவர் எனச் செல்லூர்ச் செப்பேடு கூறும். மூத்த சகோதரர்களைப் போல வேங்கியில் ஆளுநனாக இருந்து திரும்பிய விக்கிரம சோழன் 1118இல் தந்தையின் கூட்டாட்சியில் சேர்ந்து பின் அரசனானான். அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கன், பேரன் இரண்டாம் இராஜராஜன். இவ்விரண்டாம் இராஜராஜன் இறக்கும் தறுவாயில் பிள்ளைகள் ஓரிரு வயதுக் குழந்தைகளாக இருந்தமையால், விக்கிரம சோழனின் பேரன் ஒருவனை அழைத்து இரண்டாம் இராஜாதிராஜன் என்று முடிசூட்டிய செய்தியைப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு விரிவாகத் தருகிறது.

மலையமான்கள் இந்தக் காலம் முழுவதும் திருக்கோவலூர், கிளியூர்ப் பகுதியில் சிற்றரசர்களாகவே நீடித்தனர். அரியணையில் இருந்த சோழனின் பெயரைத் தம் பட்டத்தோடு சேர்த்துக் கொண்ட சேதிராயர்கள் பலர் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் வருகின்றனர். மைய அரசு தளர்ந்த மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், கிளியூர் மலையமான்கள் சம்புவராயர் முதலான அண்டைத் தலைவர்களோடு தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒருவர் பகையை மற்றவர் பகையாகக் கொள்வதென்று கோயில் சுவர்களில் எழுதிவைத்தனர். 13ஆம் நூற்றாண்டில் நடுநாட்டின் மேலாண்மை சேந்தமங்கலத்துக் காடவராயன் கோப்பெருஞ்சிங்கனுக்குப் போயிற்று. அவன் 1231ஐ ஒட்டி மூன்றாம் இராஜராஜ சோழனையே சிறைப்படுத்தினான். 1279ஆம் ஆண்டுக்குப் பின் கடைசிச் சோழ மன்னன் மூன்றாம் இராஜேந்திரனின் கல்வெட்டுகள் கிடைக்கவில்லை. சோழ நாடு பாண்டியர் ஆட்சிக்கு உட்பட்டது.